நாலு வாரமா குண்டியில இருந்து சுண்டுவிரல் வரைக்கும் நரம்பு இழுக்குது, ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணுமா?

நீங்க எழுதினத முழுசா படிச்சேன். வயசு 36, திருப்பூர்ல பவர் டேபிள்ல தைக்கற வேல, நாலு வாரமா வலது குண்டியில ஆரம்பிச்சு தொடைக்குப் பின்னாடி, கெண்டக்கால் வழியா சுண்டுவிரல் வரைக்கும் இழுக்குது, தும்மினா சுள்ளுனு பாயுது. எம்ஆர்ஐல எல்5-எஸ்1 ஜவ்வு (இடுப்போட கடைசி எலும்புக்கும் அதுக்கு கீழ இருக்கற எலும்புக்கும் நடுவுல இருக்கறது) பிதுங்கி வலது பக்க நரம்ப அழுத்துதுன்னு ரிப்போர்ட். ஒரு டாக்டர் ஆபரேஷன்ங்கறார், இன்னொருத்தர் மாத்திரை எழுதி ஒரு மாசம் கழிச்சு வாங்கறார், ஊர்ல ஒருத்தர் தட்டி ஏத்தி விட்டுடறேன்ங்கறார், இதுல எது சரின்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரியில "படுத்த படுக்கையாயிடுவேனா"ன்னு ஒன்னு போட்டிருக்கீங்க பாருங்க, ராத்திரி தூங்க விடாம பண்றது அதுதான்னு தோணுது, அதனால அதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். பெரும்பாலும் ஆக மாட்டீங்க. பெரும்பாலும்னு ஏன் சொல்றேன், எந்த விஷயத்துல அந்த பெரும்பாலும் செல்லாதுங்கறதுதான் இந்தப் பதில் பூராவும்.

நான் பிசியோதெரபிஸ்ட். முதுகுத்தண்டு ஆபரேஷன் பண்ற டாக்டருங்களோட ஒரே ஆஸ்பத்திரியில பல வருஷமா வேல பாக்கறேன், ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் உங்கள மாதிரி ஆளுங்கதான் என்கிட்ட வர்றாங்க. மாத்திரை எழுதற ஆள் நான் இல்ல, உங்க காலத் தொட்டுப் பாக்கவும் இல்ல, அதனால பொதுவா நல்லா தெரிஞ்சத உறுதியா சொல்றேன், உங்க கால பத்தின முடிவ நேர்ல பாக்கற டாக்டர்தான் சொல்லணும்.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாத்துடலாம். இடுப்புக்கிட்ட முதுகெலும்புல இருந்து கிளம்பற அஞ்சு நரம்பு வேர் (எல்4, எல்5, எஸ்1, எஸ்2, எஸ்3) ஒன்னா சேர்ந்து குண்டி வழியா தொடைக்குப் பின்னாடி இறங்குது, அதுதான் சயாட்டிக் நரம்பு, உடம்புலயே தடியான நரம்பு, இந்தப் பாதையில இழுக்கற வலியத்தான் சயாட்டிகாங்கறாங்க. எலும்புக்கு நடுவுல இருக்கற ஜவ்வு இருக்கே, அதுக்குள்ள நுங்கு மாதிரி கொழகொழன்னு ஒரு பகுதி, அத சுத்தி நார் வளையம். அந்த வளையத்துல கீறல் விழுந்து உள்ள இருக்கறது பின்னாடி பிதுங்கினா பக்கத்துல போற நரம்பு வேர்ல படுது. இது வலிக்கு காரணம்னு பாஸ்டன்ல மிக்ஸ்டர், பார்னு ரெண்டு டாக்டருங்க 1934ல எழுதினாங்க, அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு எல்லாருக்கும் மனசுல பதிஞ்சது ஒரே கணக்குதான்: அழுத்துது, எடுத்துட்டா சரி. பின்னாடி பாத்தா அழுத்தம் மட்டும் கதையில்ல, பிதுங்கி வந்த அந்த கொழகொழப்பு நரம்பு மேல பட்டா அதுல இருக்கற ரசாயனமே நரம்ப புண்ணு பண்ணி வீங்க வைக்குது. முதல் சில வாரம் உயிர் போற மாதிரி வலிக்கறதுக்கு இந்த வீக்கம் பெரிய காரணம். வீக்கம் வத்தினா, ஜவ்வு அங்கயே இருந்தாலும் வலி போயிடலாம். இன்னொன்னு பலருக்கு தெரியாது, பிதுங்கின ஜவ்வ உடம்பே கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுடுது, அதுவும் வளையத்த கிழிச்சுக்கிட்டு முழுசா வெளிய வந்த பெரிய துண்டுதான் சின்ன பிதுக்கத்த விட நல்லா கரையுது. ரிப்போர்ட்ல "எக்ஸ்ட்ரூஷன்" (கிழிச்சு வெளிய வந்தது), "சீக்வெஸ்ட்ரேஷன்" (துண்டா தனியா வந்தது)னு பாத்து மயக்கம் போட்டு வர்றவங்ககிட்ட இத சொன்னா நம்ப மாட்டாங்க.

எம்ஆர்ஐ பத்தி ஒரு வார்த்த. 2015ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, முதுகு வலியே இல்லாத 3110 பேரோட ஸ்கேன சேர்த்துப் பாத்தாங்க. வலியே இல்லாத 20 வயசுக்காரங்கள்லயே நூத்துக்கு 30 பேருக்கு ஜவ்வு லேசா வீங்கி இருந்துச்சு, 80 வயசுல நூத்துக்கு 84 பேருக்கு. அதனால ரிப்போர்ட்ல இருக்கற ஒவ்வொரு வரியும் வியாதி இல்ல. உங்க விஷயத்துல ஸ்கேனும் வலியும் ஒத்துப் போகுது, எல்5-எஸ்1 ஜவ்வு பிதுங்கினா வழக்கமா எஸ்1 வேர்லதான் படும், அந்த வேரோட பாதைதான் கெண்டக்கால் பின்பக்கம், பாதத்தோட வெளி ஓரம், சுண்டுவிரல். ஸ்கேன் சொல்றத நான் நம்பறேன். ஆனா அடுத்து என்ன பண்றதுங்கறத அந்த பிலிம் முடிவு பண்ணாது, உங்க கால்தான் முடிவு பண்ணும்.

இங்கதான் கொஞ்சம் நிதானமா படிங்க. வர்றவங்க எல்லாரும் வலி எவ்வளவுன்னுதான் சொல்றாங்க, பத்துக்கு ஒம்போது சார், பத்துக்கு பத்து சார்னு. அத கேட்டுக்கறேன், ஆனா நான் பாக்கறது வேற ரெண்டு விஷயம், காலுக்கு பலம் இருக்கா, வலி எங்க நிக்குது. பலத்த நீங்களே வீட்ல பாக்கலாம். செவுத்துல லேசா விரல் வச்சுக்கிட்டு நல்ல கால்ல மட்டும் நின்னு, குதிகாலத் தூக்கி முன்னங்கால்ல ஏறி இறங்குங்க, பத்து தடவ. அப்புறம் வலிக்கற கால்ல அதே மாதிரி. எஸ்1 நரம்பு தொய்ஞ்சிருந்தா மூணு நாலுக்கு மேல ஏற முடியாது, இல்ல குதிகால் பாதியிலயே நிக்கும். வலியால முடியாம போறது வேற, வலி பெருசா இல்லாமயே கால் தூக்க மாட்டேங்கறது வேற, ரெண்டாவதுதான் கவல. அடுத்து குதிகாலால நாலடி நடந்து பாருங்க, கட்டவிரல மேல தூக்கி வச்சுக்கிட்டு வீட்ல யாரையாவது அமுக்கச் சொல்லுங்க, இது எல்5 வேர பாக்கறதுக்கு. அந்த வேர் அடிபட்டவங்க சொல்ற முதல் விஷயம் என்ன தெரியுமா, செருப்பு கழண்டு பின்னாடி கெடக்குது சார், கழண்டது எனக்கே தெரியல. நடக்கறப்ப பாதம் தரையில தப் தப்னு அடிக்கும். இத எல்லாம் மூணு நாளைக்கு ஒரு தடவ பாத்து ஒரு காகிதத்துல எழுதி வைங்க. பலம் அப்படியே இருந்தா இல்ல கூடினா வலி எவ்வளவு இருந்தாலும் பொறுத்துப் பாக்க நேரம் இருக்கு. பலம் நாளுக்கு நாள் கொறைஞ்சா வலி கம்மியா இருந்தாலும் நேரம் இல்ல. வலி திடீர்னு நின்னு போச்சு, ஆனா கால் தொங்குதுன்னா அது நல்ல சேதி இல்லங்க, நரம்பு வேல செய்யறத நிறுத்திருச்சுன்னு அர்த்தம், அன்னைக்கே டாக்டர பாருங்க.

இத விட அவசரம் ஒன்னு இருக்கு. ஒன்னுக்கு முட்டிக்கிட்டு இருந்தும் வராம அடைச்சுக்கறது, இல்ல வந்ததே தெரியாம போறது, மலம் அடக்க முடியாம போறது, சைக்கிள் சீட்டு படற இடம் மரத்துப் போறது, ரெண்டு கால்லயும் ஒரே நேரத்துல வலியோ பலக்கொறவோ வர்றது, ஆண்மை உணர்ச்சி திடீர்னு மாறறது. இதுல ஒன்னு வந்தாலும் காலையில பாத்துக்கலாம்னு படுக்கக் கூடாது, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் எமர்ஜென்சிக்கு போயிடணும், தண்டுவடத்தோட கீழ் நரம்புக் கத்தை மொத்தமா நசுங்கறப்ப வர்ற அறிகுறி இது, தாமதமானா ஒன்னுக்கு போற கட்டுப்பாடு திரும்ப வராமலே போகலாம். கூச்சப்பட்டு சொல்லாம விட்டவங்க இருக்காங்க, அதனாலதான் பச்சையா எழுதறேன். சாயந்திரம் ஆனா காய்ச்சல், எடை கொறையறது, படுத்தாலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் கொறையாத ராத்திரி வலி, முன்னாடி கேன்சர் வந்தவங்க, இவங்களுக்கு காரணம் ஜவ்வா இல்லாம முதுகெலும்பு டிபியோ வேற எதாவதோ இருக்கலாம், நம்ம நாட்டுல டிபிய ஒதுக்கி வச்சுட்டு பேச முடியாது. இத படிக்கற மத்தவங்களுக்கும் சொல்லிடறேன், கால் வலி எல்லாம் சயாட்டிகா இல்ல. கவட்டையில வலிச்சா இடுப்பு மூட்டா இருக்கலாம், சுகர் உள்ளவங்களுக்கு ரெண்டு பாதமும் எரியறது வேற கதை, வயசானவங்களுக்கு கொஞ்ச தூரம் நடந்தா கால் கனத்து, குனிஞ்சு உக்காந்தா சரியாயிட்டா அது தண்டுவடக் குழாய் சுருங்கறதால வர்றது, அவங்களுக்கு நான் கீழ சொல்ற குப்புற படுக்கற பயிற்சி ஒத்துக்காது.

இப்ப ஆபரேஷன். நெதர்லாந்துல ஒரு நல்ல ஆராய்ச்சி 2007ல வந்துச்சு. கடுமையான சயாட்டிகாவோட ஆறுல இருந்து பன்னண்டு வாரம் கஷ்டப்பட்ட 283 பேர ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு சீக்கிரமே ஆபரேஷன், இன்னொரு பாதிக்கு பொறுத்துப் பாத்துட்டு முடியலைன்னா மட்டும் ஆபரேஷன். ஒரு வருஷம் கழிச்சு பாத்தா ரெண்டு பக்கமும் நூத்துக்கு 95 பேர் தேறிட்டாங்க. வித்தியாசம் வேகத்துலதான், சீக்கிரம் பண்ணினவங்க சுமார் நாலு வாரத்துல தேறினாங்க, காத்திருந்தவங்களுக்கு பன்னண்டு வாரம் ஆச்சு, காத்திருந்தவங்கள்ல நூத்துக்கு 39 பேர் தாங்க முடியாம ஆபரேஷனுக்கு போயிட்டாங்க. இத வச்சு ஆபரேஷன் வேண்டாம்னு ஒருத்தர் வாதாடலாம், வேணும்னும் வாதாடலாம், ரெண்டுமே நடக்குது. நான் இத படிக்கற விதம், பலம் நல்லா இருக்கற ஆளுக்கு ஆபரேஷன்ங்கறது வலி காலத்த சுருக்கற ஒரு வழி, நீங்களும் டாக்டரும் உக்காந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு, பயமுறுத்தி கையெழுத்து வாங்கற விஷயம் இல்ல. அதுக்காக முடிவே இல்லாம இழுத்தடிக்கறதும் தப்பு. நாலு மாசத்த தாண்டி இழுக்கற வலிக்கு கனடாவுல 128 பேர வச்சு பாத்து 2020ல வெளியிட்டாங்க, அதுல ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு ஆறு மாசத்துல கால் வலி தெளிவா கம்மியா இருந்துச்சு. நீங்க இருக்கறது நாலாவது வாரம். பலம் இருந்தா இன்னும் சில வாரம் பாக்கறது நியாயம்னுதான் நான் சொல்வேன். ஆபரேஷன் சொன்ன டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க, "என் கால்ல பலக்கொற இருக்கறதாலயா சொல்றீங்க, வலிக்காகவா, இன்னும் ரெண்டு வாரம் பாத்தா என்ன நஷ்டம்"னு. பலக்கொறன்னு அவர் சொன்னா அத லேசா எடுத்துக்காதீங்க. "ஆபரேஷன் பண்ணினா நடக்க முடியாம போயிடும்"னு ஊர்ல சொல்றத கேட்டு பயப்படாதீங்க, மைக்ரோடிஸ்கெக்டமி (சின்னதா கீறி பிதுங்கின ஜவ்வ எடுக்கற ஆபரேஷன்) பண்ணினவங்க நிறைய பேர் அன்னைக்கோ மறுநாளோ எழுந்து நடக்கறாங்க. ரிஸ்க்கே இல்லன்னும் சொல்ல மாட்டேன், தொற்று, நரம்புல அடி, அப்புறம் அதே இடத்துல ஜவ்வு மறுபடி பிதுங்கறது இதெல்லாம் உண்டு. இன்னொன்னு, இந்த ஆபரேஷன் கால் வலிய எடுக்கறதுல கெட்டிக்காரன், முதுகு வலிக்கு அந்த அளவு உத்தரவாதம் கிடையாது.

மாத்திரைக்கு வருவோம். வீக்கத்தையும் வலியையும் கொறைக்கற மாத்திரை சில நாளைக்கு டாக்டர் சொன்ன அளவுல போடறது சரி, ஆனா மெடிக்கல் ஷாப்புல அதையே மாசக்கணக்குல வாங்கிப் போடறாங்க பாருங்க, வயித்துல புண்ணு, கிட்னி, பிபி எல்லாத்துலயும் கைவச்சுடும். உங்க சீட்டுல இருக்கற பிரிகாபலின் நம்ம ஊர்ல சயாட்டிகான்னாலே எழுதற மாத்திரை ஆயிருச்சு, ஆனா சிட்னியில 209 பேர வச்சுப் பாத்து 2017ல வந்த ஆராய்ச்சியில வெறும் மாவு மாத்திரைய விட அது கால் வலிய கொறைக்கல, தலைசுத்தல்தான் அதிகமா வந்துச்சு. இங்கிலாந்தோட அரசு வழிகாட்டுதல்ல சயாட்டிகாவுக்கு இத குடுக்காதீங்கன்னே இருக்கு. இப்படி சொல்றேன்னு நாளைக்கே நிறுத்திடாதீங்க, சில வாரமா போட்டத திடீர்னு விடக் கூடாது, டாக்டர்கிட்ட சொல்லி படிப்படியா கொறைக்கணும். அதுவும் நீங்க நாள் பூரா ஊசி ஓடற மிஷின்ல கை வைக்கற ஆள், தலை கிறுகிறுக்குதுன்னா அவர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. சிவப்பு கலர் பி12 மாத்திரை நரம்புக்கு டானிக்னு தர்றாங்க, ரத்தத்துல பி12 கம்மியா இருந்தா பிரயோஜனம், இல்லன்னா ஜவ்வுக்கும் அதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல.

முதுகுல போடற ஸ்டீராய்டு ஊசி சந்தேகப் பட்டியல்ல வருது, சில பேருக்கு சில வாரம் நிம்மதி தருது, சராசரியா பாத்தா பலன் சின்னது, ரொம்ப நாள் நிக்கறதில்ல. ஆனா தூக்கமே இல்லாம தவிக்கறவருக்கு அந்த சில வாரமே பெருசு, அதனால நான் கேலி பண்ண மாட்டேன். டிராக்ஷன்னு இழுத்துக் கட்டறதுக்கு பலன் இருக்கறதா ஆராய்ச்சியில காணோம், என் தொழில்லயே இத இன்னும் பண்றாங்க, பண்ணட்டும், அதுக்கு தனியா காசு குடுக்காதீங்க. பெல்ட்டு பஸ் பிரயாணத்துக்கு போட்டுக்கலாம், நாள் பூரா வேண்டாம். எண்ணெய் தேய்க்கறது, ஒத்தடம் இதமா இருந்தா பண்ணிக்கோங்க, மரத்துப் போன இடத்துல மட்டும் சுடுதண்ணி பை வைக்காதீங்க, சூடு தெரியாம கொப்புளம் வந்து என்கிட்ட வந்தவங்க உண்டு. தட்டி ஏத்தறேன்ங்கறவர பத்தி, அவர் மேல எனக்கு கோவம் இல்ல, ஆனா பிதுங்கின ஜவ்வ வெளிய இருந்து தட்டி உள்ள தள்ள முடியாது, இது உறுதி. கால்ல பலக்கொறயோ மரப்போ இருக்கறப்ப இடுப்ப முறுக்கி சொடக்கு எடுக்க யாரையும் விடாதீங்க.

அப்ப நீங்க என்னதான் பண்றது. படுத்தே கெடக்காதீங்க. இதையும் நெதர்லாந்துலதான் பாத்தாங்க (அவங்களுக்கு சயாட்டிகா மேல என்ன ஆசையோ), 1999ல 183 பேர்ல பாதிப் பேர ரெண்டு வாரம் படுக்க வச்சாங்க, மீதிப் பேர முடிஞ்ச வரைக்கும் நடமாட விட்டாங்க, பன்னண்டு வாரத்துல ரெண்டு பக்கமும் நூத்துக்கு 87 பேர் தேறியிருந்தாங்க. படுத்ததால லாபம் இல்ல, சம்பளம்தான் நஷ்டம். ரொம்ப வலிக்கற நேரத்துல மல்லாக்க படுத்து கெண்டக்கால நாற்காலி மேல தூக்கி வச்சுக்கோங்க, பத்து பதினஞ்சு நிமிஷம் போதும், எழுந்து அஞ்சு நிமிஷம் வீட்டுக்குள்ள நடங்க, ஒரே மூச்சுல ஒரு மணி நேர வாக்கிங் வேண்டாம். குப்புற படுத்துப் பாருங்க, ஒத்துக்கிட்டா முழங்கைய ஊனி நெஞ்ச லேசா தூக்குங்க. இங்க தான் வலி எங்க நிக்குதுங்கற விஷயம் வருது. ஒரு பயிற்சி பண்றப்ப வலி சுண்டுவிரல விட்டு கெண்டக்காலுக்கும், அங்கிருந்து தொடைக்கும், கடைசியா குண்டிக்கும் ஏறி வந்தா அது நல்ல அடையாளம், குண்டியிலயோ முதுகுலயோ வலி கொஞ்சம் கூடினாலும் பரவால்ல, தொடருங்க. வலி கீழ கீழ இறங்கினா அந்தப் பயிற்சி இப்ப உங்களுக்கு இல்ல, யார் சொல்லிக் குடுத்திருந்தாலும் நிறுத்துங்க. இந்த ஒன்ன வச்சே யூடியூப்ல பாக்கற பாதி வீடியோவ கழிச்சுடலாம். முக்கியமா கால நீட்டி கட்டவிரல தொடற ஆசனமெல்லாம் இப்ப வேண்டாம், நரம்பு இழுக்குதுன்னு அத இன்னும் இழுத்து விட்டா சரியாகும்னு நெனச்சு பண்றாங்க, புண்ணான நரம்ப இழுத்தா இன்னும் புண்ணாகும். எந்தப் பயிற்சி முறை ஒசத்தின்னு ஆராய்ச்சியில தெளிவான ஜெயிப்பு யாருக்கும் இல்ல, நடமாட்டத்த விடாம வச்சிருக்கறதுதான் எல்லாத்துக்கும் பொது.

வேலைய பத்தி நீங்க கேக்கல, ஆனா பீஸ் ரேட்டுல இருக்கற ஆளுக்கு ரெஸ்ட் எடுங்கன்னு சொல்றது சுலபம், சொல்லிட்டு போனா அரிசி யாரு வாங்கறது. முன்னாடி குனிஞ்சு உக்காந்து வலது காலால பெடல் அமுக்கற வேல இந்த நரம்புக்கு நல்லா ஒத்துக்காத வேலதான். முதுகு சாயாத ஸ்டூல்னா சாய்மானம் இருக்கற நாற்காலி கேளுங்க, துணிய பாக்க குனியாத அளவுக்கு உக்கார்ற உயரத்த சரி பண்ணுங்க, பெடல உங்க பக்கம் இழுத்து வைங்க, கால நீட்டி அமுக்கறப்பதான் நரம்பு அதிகமா இழுபடும். அரை மணிக்கு ஒரு தடவ எழுந்து ரெண்டு நிமிஷம் நில்லுங்க, ஒரு வாரம் ரெண்டு வாரம் செக்கிங்கோ பேக்கிங்கோ நின்னு பாக்கற வேலைக்கு மாத்தித் தருவாங்களான்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டுப் பாருங்க, பண்டல் தூக்கற வேலைக்கு மட்டும் போகாதீங்க. பைக்க கொஞ்ச நாள் ஓரம் கட்டுங்க, ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்னும் எண்ணி வாங்கும். மலச்சிக்கல் இல்லாம பாத்துக்கோங்க, முக்கினா தும்மின மாதிரியேதான் பாயும். பீடி சிகரெட் இருந்தா அது ஜவ்வுக்கும் கெடுதல், ஆபரேஷன் வரைக்கும் போனா ஆறறதுக்கும் கெடுதல்.

மரப்பு மட்டும் வலி போனப்புறமும் மாசக்கணக்குல சுண்டுவிரல்ல நிக்கலாம், நரம்பு ரொம்ப மெதுவா தேறற சாமான், அத பாத்து பயப்பட வேண்டாம். இப்ப எனக்கு தெரிய வேண்டியது ஒன்னுதான், ஒத்தக் கால்ல முன்னங்கால் ஏறி நிக்கறது நல்ல கால்ல எத்தன, வலிக்கற கால்ல எத்தன? பாத்துட்டு கீழ எழுதுங்க. வலது கால்ல அஞ்சுக்கு கீழன்னா எனக்கு எழுதறதுக்கு முன்னாடி அந்த ஆபரேஷன் சொன்ன டாக்டர்கிட்ட போய் காட்டிட்டு வந்துடுங்க.